ரப்பர் வளையமும் வெள்ளிக் காசும்: பழைய காசுகளைக் கறுக்காமல், ஈரம் ஏறாமல் வைத்துக்கொள்வது எப்படி

பாட்டி விட்டுப்போன பிஸ்கட் டின்னைத் திறந்ததும் பழைய தாளும் துருவும் கொஞ்சம் கற்பூரமும் கலந்த வாசம்தான் முதலில் வந்தது. உள்ளே பத்திரிகைத் தாளில் சுருட்டிய காசுக் கட்டுகள் ஏழு. ஒவ்வொன்றையும் ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். வளையங்களில் பாதி காய்ந்து, தொட்டதும் பொடிந்தன. மீதி இளகித் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மேல்கட்டில் ஓரிடத்தில் தாள் கிழிந்து, வளையம் நேராகக் காசின்மேல் கிடந்திருக்கிறது. அது 1939ஆம் ஆண்டு மலாயா இருபது காசு, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை போட்டது. அவர் நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, அடிக்கோல் வைத்து மையால் இழுத்ததுபோல.

பாட்டி மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்குமேல் கித்தா, அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். பால் வெட்டிச் சேர்த்த காசில் கித்தாவே கோடு போட்டுவிட்டது. அந்த டின்னைச் சரிசெய்யப் போய் நான் கற்றுக்கொண்டது கொஞ்சம், கெடுத்துக்கொண்டது கொஞ்சம். தாத்தா பாட்டி டின்னோ, பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய நாலு காசோ கையில் வந்து, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய சேகரிப்பாளர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

எது எதைக் கெடுக்கிறது

வெள்ளிக்கு எதிரி கந்தகம். செம்புக்கு உப்பும் ஈரமும். இரும்புக்கு ஈரம் ஒன்றே போதும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் எல்லாவற்றுக்கும் காரணம் தானாகப் புரியும்.

வெள்ளி சும்மா காற்றில் கறுப்பதில்லை. காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு, வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடாக மாறுகிறது. அந்தப் படலம் முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. ஈரம் கூடியிருந்தால் இந்த வேலை வேகமாக நடக்கும். கொலுசு கறுத்தால் உடம்பில் சூடு என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காலில் வழியும் வியர்வையிலும் கந்தகம் உண்டு. கறுப்புக்கு அது போதும்.

இந்தக் கந்தகம் தோட்டப் பட்டணத்தில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மரத்திலிருந்து இறக்கிய கித்தாப் பாலைக் குறை சொல்ல முடியாது. பாலை ரப்பராக உறுதிப்படுத்தத் தொழிற்சாலையில் கந்தகம் சேர்க்கிறார்கள். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த வழி அது. இன்றைக்கும் ரப்பர் வளையம், டயர், ரப்பர் பாய் எல்லாவற்றிலும் அந்தக் கந்தகம் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர்க் குளங்களிலிருந்து காற்று திரும்பும்போது ஒரு வாடை வருமே, அதில் அழுகிய முட்டை வாயுவும் உண்டு. கட்டிப்பால், அதாவது உறைந்த கித்தாப் பால், குவித்து வைத்த கொட்டகைப் பக்கம் போனால் அமில ஆவியும் சேர்ந்து அடிக்கும். தீபாவளிப் பட்டாசு மருந்திலும் கந்தகம்தான். நகரத்து அடுக்குமாடியில் இருப்பவரின் வெள்ளியைவிட நம் வெள்ளி சீக்கிரம் கறுத்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் வீட்டு ஈரமானி மத்தியானம் அறுபத்தைந்து காட்டும். விடியற்காலையில் தொண்ணூறைத் தாண்டும். செருப்புக்குள் பூஞ்சை பூக்கும் ஊர் இது.

மேசை போட்டுப் பிரியுங்கள்

ஒரு மத்தியான நேரத்தை ஒதுக்குங்கள். மேசைமேல் துண்டை இரண்டாக மடித்து விரியுங்கள், காசு கைதவறினால் ஓசையில்லாமல் விழட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். முகத்தில் விரல் படக்கூடாது. விரல் ரேகையில் இருக்கும் உப்பும் எண்ணெயும் உடனே தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த ரேகை அப்படியே பழுப்பாக எழும்பி நிற்கும், போலீஸ் ஸ்டேஷனில் எடுத்ததுபோல. காசுக்கு நேராகக் குனிந்து பேசவும் வேண்டாம். எச்சில் துளி தெறித்த இடத்தில் பின்னாளில் கரும்புள்ளி வரும். நான் வீட்டில் இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பிறகு புள்ளியைக் காட்டினேன்.

ரப்பர் வளையங்களையும் பத்திரிகைத் தாளையும் அன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள். தாளில் அமிலம் உண்டு, சிலவற்றில் கந்தகமும். ஆனால் தாளில் யாராவது ஏதாவது எழுதியிருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். பாட்டி ஒரு கட்டின்மேல் பென்சிலால் ‘சின்னவன் பேருவைக்க’ என்று எழுதியிருந்தார். அந்தத் துண்டு இன்னமும் என்னிடம் இருக்கிறது, காசுகளுக்கு எட்டாத தூரத்தில்.

இனி உலோகம் உலோகமாகப் பிரிக்க வேண்டும். நம் ஊர் டின்களில் வழக்கமாகக் கிடைப்பவை இவை.

நாம் இன்றும் மலேசியப் பணமான ரிங்கிட்டை வெள்ளி என்கிறோம். ஒரு காலத்தில் அது நிஜமாகவே வெள்ளி. 1903இல் வந்த ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) டாலர் 26.95 கிராம் எடை, அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1907இல் அதைச் சிறிதாக்கி 20 கிராம் சொச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலாயாவின் 5, 10, 20 காசுகளில் 1939, 1941 ஆண்டுகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து வெள்ளி. 1943, 1945இல் பாதிதான். 1948 முதல் வெள்ளியே இல்லை, செம்பும் நிக்கலும் கலந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பிரிட்டிஷ் இந்திய ரூபாய் இருந்தால், 1940க்கு முந்தியவை நல்ல வெள்ளி, ஒன்று 11.66 கிராம். கழுத்தில் கோக்கக் காது வைத்துப் பற்றவைத்திருந்தால் அதைக் கழற்றப் பார்க்காதீர்கள்; சேகரிப்பாளருக்கு மதிப்புக் குறைவுதான், வீட்டுக்கு அது நகை.

மலாயாவின் சதுரக் காசு எல்லாம் வெண்கலம், அதாவது பெரும்பங்கு செம்பு. 1967 முதல் வந்த மலேசியக் காசுகளில் பார்லிமெண்டு கட்டடம் போட்ட 5, 10, 20, 50 காசுகள் செம்பு நிக்கல். அவை ரொம்பப் பொறுமைசாலிகள், பெரும்பாலும் மங்குவதோடு நிறுத்திக்கொள்ளும். ‘1 காசு’ மதிப்புள்ளதில் மட்டும் கவனம் வேண்டும். பிற்காலத்தில் வந்தவற்றில் பல, மேலே செம்பு முலாம், உள்ளே எஃகு. காந்தம் வைத்தால் ஒட்டும். முலாம் கீறின இடத்தில் துரு கிளம்பி, பக்கத்திலிருக்கும் காசுக்கும் கறை ஏற்றிவிடும். காந்தத்தில் ஒட்டுவதையெல்லாம் தனி டப்பாவில் போடுங்கள். 2005 டிசம்பரில் செல்லாமல்போன கெரிஸ் (மலாய்க் குறுவாள்) போட்ட ஒரு ரிங்கிட் மஞ்சள் காசைச் செம்புக் கூட்டத்தோடு சேர்க்கலாம்.

கழுவாதீர்கள்

இதைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். நான் வெளியே போயிருந்த ஒரு சனிக்கிழமை, அம்மா அந்தக் காசுகளில் பன்னிரண்டை எடுத்துப் புளி போட்டு ஊறவைத்து, திருநீறு தொட்டுத் தேய்த்து, துணியில் உலர்த்தி வைத்திருந்தார். குத்துவிளக்கு துலக்குவதுபோல. “எப்படி மின்னுது பாரு” என்றார். மின்னத்தான் செய்தது. ஈப்போவில் ஒரு காசு வியாபாரியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தவர் எடுக்கவேயில்லை. “தம்பி, இதையெல்லாம் குளிப்பாட்டிட்டீங்களா?” என்றார்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கும் புரிந்தது. முகம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். புளியில் இருக்கும் அமிலம் கறுப்போடு மேல்தோலையும் கரைக்கிறது. திருநீறு மணல்போல அறுக்கிறது. காசின் இயல்பான பளபளப்பு, அச்சடித்தபோது உலோகம் ஓடிய வரிகளிலிருந்து வருவது. அது ஒருமுறை போனால் திரும்ப வராது. பற்பசை, எலுமிச்சை, சோடா உப்பு, நகைக்கடையில் விற்கும் வெள்ளி முக்குநீர் எல்லாம் இந்தக் கதைதான். மெல்லிய கறுப்பு காசுக்கு ஒரு போர்வை, இருந்துவிட்டுப் போகட்டும். சீராக, வானவில் நிறத்தில் ஏறிய பழங்கறுப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அம்மாவிடம் வியாபாரி சொன்னதை நான் முழுதாகச் சொல்லவில்லை. அந்தப் பன்னிரண்டும் இப்போது சாமி அறைத் தட்டில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை புளி கிடைக்கிறது. அவற்றுக்கு அதுவும் ஒரு வாழ்க்கை.

மண் ஒட்டியிருந்தால்? காய்ச்சி வடித்த நீரில் போட்டு ஒருநாள் விடுங்கள், மண் தானாகக் கழன்றால் சரி. தேய்க்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது வேண்டாம். கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைச் சிலர் வாங்குகிறார்கள். லேபிளை இரண்டுமுறை படித்துவிட்டு வாங்குங்கள், அதே அடுக்கில் பேட்டரி ஆசிட்டும் நிற்கும்.

பச்சை இரண்டு வகை

காசில் பச்சை தெரிந்தால் உடனே பயப்படாமல் ஒரு பல்குத்தும் குச்சியால் தொட்டுப் பாருங்கள்.

பிசுபிசுவென்று, மெழுகுபோல, கண்ணாடிப் பச்சையாக இருந்தால் அது பிவிசி என்னும் பிளாஸ்டிக்கில் செய்த ஆல்பத்தின் வேலை. மலிவான காசு ஆல்பங்களின் பைகள் மிருதுவாக, வளைத்தால் ஓசையில்லாமல் வளையும். திறந்தால் புதுப் பந்து வாடை அடிக்கும். அந்த மிருதுத்தன்மைக்காகச் சேர்த்த பொருள் வெப்பத்தில் வெளியே கசிகிறது, பிளாஸ்டிக்கும் சிதைந்து அமிலத்தைக் கக்குகிறது. எனக்கும் இது நடந்தது. நல்ல தடித்த அட்டை, தங்க எழுத்துப் போட்ட ஒரு ஆல்பம் வாங்கி, அலமாரியில் வைத்து மூன்று வருடம் மறந்துபோனேன். எடுத்தபோது ஐம்பது காசுகளின் விளிம்பெல்லாம் பச்சைப் பாசி.

இதற்கு மட்டும் ஒரு சிகிச்சை உண்டு: சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கி கூடாது, அதில் நிறமும் வாசனையும் எண்ணெயும் சேர்த்திருப்பார்கள். வாங்கிய அசிட்டோன் நல்லதா என்று அறிய ஒரு துளியைக் கண்ணாடிமேல் விட்டு உலரவிடுங்கள். கறை விழுந்தால் அதைக் காசுக்குப் பயன்படுத்தாதீர்கள். வெளி வராந்தாவில், அடுப்பும் சாமி விளக்கும் ஊதுபத்தியும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வேலை செய்யுங்கள். அசிட்டோன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போய்த் தீப்பிடிக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசைப் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் கரைந்துபோகலாம். பிறகு வேறொரு கிண்ணத்தில் புது அசிட்டோன் ஊற்றி மறுபடி முக்கி எடுத்து, மெல்லிய தாள்மேல் நிறுத்தி உலரவிடுங்கள். ஒரு நிமிடத்தில் உலர்ந்துவிடும். பஞ்சால் ஒத்தலாம், தேய்க்கக் கூடாது. அசிட்டோன் உலோகத்தைத் தொடாது, பிசினை மட்டும் எடுக்கும். பிசினுக்கு அடியில் காசு ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தப் பள்ளம் பள்ளம்தான்.

இன்னொரு பச்சை பொடிப் பொடியாக, வெளிறிய பச்சையில், தட்டினால் உதிரும். சதுரக் காசுகளில் அதிகம் பார்க்கலாம். உப்பு உள்ளே புகுந்து செம்போடு சேர்ந்து, ஈரம் கிடைக்கும்போதெல்லாம் தின்றுகொண்டே போகும் நோய் இது. வெண்கல நோய் என்றே பெயர். வீட்டில் இதை முழுதாகக் குணமாக்க முடியாது. ஆனால் ஈரத்தை நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் நோய் அப்படியே உறங்கிவிடும். அந்தக் காசைத் தனி உறையில், தனி டப்பாவில் வையுங்கள். அழுத்தமாக ஒட்டிய, உதிராத, கரும்பச்சைப் படலம் நோயில்லை, அது வயது.

உறை

ஒவ்வொரு காசுக்கும் ஒரு வீடு. ஒரு பையில் பத்துக் காசு போட்டால் ஒன்றையொன்று கீறும்.

மலிவும் வசதியும் பார்த்தால் இரண்டு அங்குலச் சதுர அட்டை உறைதான். நடுவே மைலார் என்னும் தெளிவான பிளாஸ்டிக் படலத்தில் வட்டச் சன்னல் இருக்கும். காசின் அளவுக்கேற்ற சன்னலாக வாங்கி, காசை நடுவில் வைத்து மடித்து, மூன்று பக்கம் ஸ்டேப்பிள் அடியுங்கள். அடித்தபின் குறட்டால் ஸ்டேப்பிளின் முதுகைத் தட்டையாக நசுக்குங்கள். நசுக்காவிட்டால் அடுத்த உறையின் படலத்தை அது கிழிக்கும். பிறகு எப்போதாவது காசை வெளியே எடுக்க நேர்ந்தால், எல்லா ஸ்டேப்பிளையும் கழற்றிவிட்டு எடுங்கள். அவசரத்தில் பிதுக்கி எடுத்து, ஸ்டேப்பிள் முனை ராணியின் கன்னத்தில் கோடு போட்ட கதை எனக்கும் ஒன்று உண்டு. பசை தடவி வரும் உறைகளும் கிடைக்கின்றன. நம் வெப்பத்தில் பசை நகரும், நான் வாங்குவதில்லை.

நல்ல காசுக்கு, முக்கியமாக வெள்ளி டாலருக்கு, கெட்டி பிளாஸ்டிக் கூண்டு வாங்குங்கள். மில்லிமீட்டர் அளவு பார்த்து வாங்க வேண்டும். ஆடினால் விளிம்பு தேயும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்: பாலிப்ராப்பிலீன், பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன், மைலார், அக்ரிலிக் இருந்தால் நல்லது. பிவிசி, வினைல் என்றிருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள். ஒன்றும் எழுதாமல், மிருதுவாக, வாடையோடு இருந்தாலும் அப்படித்தான்.

வெல்வெட் பெட்டி, கம்பளித் துணி, பஞ்சு மெத்தை வைத்த நகைப்பெட்டி வேண்டாம். கம்பளியில் கந்தகம் உண்டு, வெல்வெட்டின் பசையிலும் சாயத்திலும் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்துருண்டை, கற்பூரம் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

டப்பாவும் சிலிகா ஜெல்லும்

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். மழைநாளில் ஈரத்தோடு காசை எடுத்து, காற்றுப்புகா டப்பாவில் அடைத்து, சப்பாத்துப் பெட்டியில் வந்த, ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிகா ஜெல் பொட்டலத்தையும் போட்டு, இனி பயமில்லை என்று மூடிவிடுகிறார்கள். அந்தப் பொட்டலம் வந்த அன்றே நிறைந்துபோயிருக்கும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவி பிடிக்கும். எண்பது சதவீத ஈரம் என்றால் 24 கிராம். ஐந்து லிட்டர் டப்பாவின் காற்றில் இருப்பது 0.12 கிராம்தான். இரண்டு சொட்டைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அப்படியானால் ஏன் டப்பாவுக்குள் ஈரம் இறங்க மாட்டேன் என்கிறது? அட்டை உறைகள்தான் காரணம். நூறு கிராம் அட்டை நம் ஊர்க் காற்றில் கிட்டத்தட்டப் பத்து கிராம் தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். டப்பா காய ஆரம்பித்ததும் அட்டை அதை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். சிலிகா ஜெல் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரைத்தான் பிடிக்கும். ஐம்பது கிராம் போட்டால் பத்து கிராம் வாங்கிக்கொண்டு கைவிரித்துவிடும். ஆகவே முதல் இரண்டு மூன்று வாரம் அடிக்கடி மாற்ற வேண்டும். அதன்பிறகு மாதக்கணக்கில் நிற்கும்.

செய்முறை இதோ. சுற்றிலும் பட்டை வைத்து, நான்கு பக்கமும் கிளிப் போட்ட சாப்பாட்டு டப்பாவாக வாங்குங்கள். அந்தப் பட்டை சிலிகோனாக இருந்தால் நல்லது. கறுப்பு ரப்பராக இருந்தால் வேண்டாம், பழைய கதைதான் மறுபடி. உள்ளே சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. அது உண்மை பேசுகிறதா என்று முதலில் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, சேறுபோல ஈரமாகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு ஒரு ஜிப் பையில் அடைத்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் ஐந்து கூட்டிச் சொல்கிறது, கழித்துப் படித்துக்கொள்ளுங்கள். உப்போடு இந்த ஒரு நட்பு போதும், அப்புறம் அதைக் காசுப் பக்கம் விடாதீர்கள்.

சிலிகா ஜெல்லில் நிறம் மாறுவதாக வாங்குங்கள், ஆனால் ஆரஞ்சு நிறம் பச்சையாவதை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது நச்சு, சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாதது. ஐந்து லிட்டர் டப்பாவுக்கு நூறு கிராம் போடுகிறேன், மெல்லிய பருத்திப் பையில் கட்டி, காசுகளைத் தொடாமல் ஓரத்தில். நிறம் மாறியதும் தட்டில் பரப்பி, அடுப்புப் பெட்டியில் 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் காயவைத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். துணிப்பையையும் தாள் பொட்டலத்தையும் அடுப்புக்குள் வைக்காதீர்கள். காய்ந்ததும் சூட்டோடு ஒரு கண்ணாடிச் சாடியில் மூடி ஆறவையுங்கள். திறந்து வைத்தால் ஆறும் நேரத்துக்குள் நம் ஊர்க் காற்றையே குடித்துவிடும்.

அரிசியைக் கேட்பவர்கள் உண்டு. அரிசியில் தூசியும் மாவும் வண்டும்தான் வரும், சோற்றுக்கு வையுங்கள்.

காசும் அட்டையும் வைக்கும் நாளையும் தேர்ந்தெடுங்கள். மழைவிட்டு வெயில் ஏறிய மத்தியானம், இரண்டு மூன்று மணி வாக்கில், காற்று கொஞ்சம் காய்ந்திருக்கும். அட்டை உறைகளைக் காசு போடும் முன்பே ஒருநாள் சிலிகா ஜெல்லோடு தனி டப்பாவில் அடைத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஈரமானி 35க்கும் 45க்கும் நடுவில் நின்றால் எனக்குப் போதும். 

கைக்கு வசதியிருந்தால், கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார உலர்பெட்டி வாங்கி நாற்பதில் நிறுத்திவிடலாம். ஆனால் இடி மின்னலுக்கு மின்சாரம் தட்டிப்போகும் ஊரில், அதற்குள்ளும் ஒரு பை சிலிகா ஜெல் இருக்கட்டும்.

வெள்ளிக்கு மட்டும் இன்னொரு காவல் உண்டு. கந்தகத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் செம்பு கலந்த தாள் அல்லது பிளாஸ்டிக் பட்டைகள் காசுச் சாமான் விற்பவர்களிடம் கிடைக்கும். ஒரு டப்பாவுக்கு ஒன்று போட்டால் போதும். காசுக்குப் பதிலாக அது கறுக்கும்.

எங்கே வைப்பது

சமையலறை, குளியலறைச் சுவர், சாமி அறை மூன்றும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் காசுக்கு ஆகாது. புது ஒட்டுப்பலகை அலமாரியும் வேண்டாம். அந்தப் பலகைப் பசையிலிருந்து அமில ஆவி வருடக்கணக்கில் வரும். தோட்ட லயத்து வீடோ, தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடோ, தகரக் கூரைக்கு அடியில் பரணில் வைத்தால் பகலில் அடுப்பு, ராத்திரியில் குளம். படுக்கையறை உள்சுவரை ஒட்டிய இரும்பு அலமாரியின் நடுத்தட்டு நல்லது. கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், வெள்ளம் வராது என்று யாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

ஏர்கோன் அறையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த காசை நேராக வெளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து திறந்தால், ஐஸ் தண்ணீர்க் குவளை வேர்ப்பதுபோல அதன்மேல் நீர் பூக்கும். டப்பாவை மூடியபடியே ஒரு மணிநேரம் வெளியே வைத்து, பிறகு திறங்கள். விருந்தாளிக்குக் காட்டும் அவசரத்தில்தான் இந்தத் தப்பு நடக்கும்.

எப்போது திறந்து பார்ப்பது

அடிக்கடி திறக்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் புது ஈரம் உள்ளே வரும். டப்பாவின் பக்கம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தால் ஈரமானியை வெளியிலிருந்தே படிக்கலாம். நான் மாதம் ஒருமுறை பார்த்து மூடியில் ஒட்டிய தாளில் தேதியும் எண்ணும் எழுதுகிறேன். ஐம்பதைத் தொட்டால் மட்டும் திறந்து சிலிகா ஜெல் மாற்றுவேன். புகைமூட்டக் காலத்திலும் பட்டாசு வெடிக்கும் வாரத்திலும் டப்பாவைத் தொடுவதில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் தைக்கு முந்திய வாரம், முழுதாக எடுத்துப் பார்ப்பேன். பார்க்கிற ஒழுங்கு இதுதான்: முதலில் ஸ்டேப்பிள்களில் துரு, பிறகு சன்னல் படலத்தில் மூடுபனிபோல ஏதாவது, பிறகு சதுரக் காசுகளில் பச்சைப் பொடி, கடைசியில் வெள்ளி. சென்ற வருடம் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்து, அதே சன்னலோர வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். கண் ஏமாற்றும், படம் ஏமாற்றாது.

இந்தத் தைக்குப் பார்த்தபோது மூடித் தாளில் கடைசி எண் 41. ஜார்ஜ் மன்னரின் முகத்துக் கோடு சென்ற வருடப் படத்தில் இருந்த அகலத்திலேயே இருக்கிறது. மற்ற பக்கங்களில் புதிதாக மஞ்சள் ஏறவில்லை. உறையின் ஓரத்தில் ஒரு ஸ்டேப்பிள் மட்டும் துருப்பிடித்திருந்தது. மாற்றிவிட்டு மூடினேன்.